பாப்பாவுக்கு எத்தனை கிலோ? மருந்துக்கடையில் கேட்கப்படாத கேள்வி

மாலை ஏழு மணிக்கு மேல் மயிலாப்பூர் லஸ் கார்னரிலோ, தி.நகர் பாண்டி பஜாரிலோ, அடையாறு எல்.பி. ரோட்டிலோ ஒரு மெடிக்கல் ஷாப் முன்பு பத்து நிமிடம் நின்று பாருங்கள். கிளினிக்குகள் கூட்டம் கட்டும் நேரம். தோளில் குழந்தை தூங்க, கையில் மருந்துச்சீட்டோடு வரும் அம்மாக்கள் பாதி. சீட்டே இல்லாமல் வருபவர்கள் மீதி.

"அண்ணா, பாப்பாவுக்கு சளி. போன தடவை வாங்கினோமே, அந்த சிரப் குடுங்க."

பாட்டில் வருகிறது, பில் வருகிறது. "ஜிபே-வா, கேஷாக்கா?" கேட்கப்படும் ஒரே கேள்வி பெரும்பாலும் அதுதான். பாப்பாவுக்கு என்ன வயது, எத்தனை கிலோ, வேறு என்ன மருந்து போய்க்கொண்டிருக்கிறது? இதையெல்லாம் கேட்க கவுன்ட்டரில் இருப்பவருக்கு நேரம் இல்லை, பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். கேட்டாலும் வாங்க வந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். "டாக்டர்தான் எழுதிட்டாரே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

மருந்து குழந்தையின் வாய்க்குப் போவதற்கு முன் அதைத் தொடும் கடைசிப் படித்த கை மருந்தாளுநருடையது. அந்தக் கை குழந்தைகளுக்காக எவ்வளவு தயாராக இருக்கிறது என்ற கேள்வி, 2025 அக்டோபருக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்குத் தள்ளிப்போடக்கூடியதாக இல்லை.

பக்கத்து ஊர் மருந்து

மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் பராசியா என்று ஒரு சிற்றூர். 2025 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்குச் சாதாரணச் சளி, காய்ச்சல். மருந்து கொடுத்தார்கள். சில நாள்களில் சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்.

அந்தக் குழந்தைகள் குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப். தயாரித்தது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மாசூட்டிகல் என்ற நிறுவனம். தகவல் கிடைத்ததும், ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறை என்றும் பாராமல் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குள் போனார்கள். அக்டோபர் 1 முதலே மாநிலத்தில் அந்த மருந்துக்கு விற்பனைத் தடை வந்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைச் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவிகிதம் இருந்தது. பெயின்ட், பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலைச் சமாச்சாரங்களில் புழங்கும் ரசாயனம் அது. மருந்தில் 0.1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி அதுவாகவே இருந்திருக்கிறது. ஆலை ஆய்வில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலாகின. உரிமையாளர் சென்னையில் கைதானார், உரிமம் ரத்தானது. மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரும் அங்கே கைதானார்.

சென்னைக்கு இது முதல்முறையும் இல்லை. 1972-ல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே போல் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. அன்றும் காரணம் குழந்தைகளுக்கான ஒரு திரவ மருந்து, அதற்குள் இதே டைஎத்திலீன் கிளைக்கால். அமெரிக்காவில் 1937-ல் இதே நஞ்சு கலந்த மருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டே அங்கு புதிய மருந்துச் சட்டம் வந்துவிட்டது. 2022-ல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அங்கு போயிருந்த இந்திய சிரப்களில் இதே நஞ்சு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. விலை மலிவு, பார்க்கவும் ருசிக்கவும் அசலைப் போலவே இருக்கும் என்பதால் மருந்துக்குரிய கரைப்பானுக்குப் பதிலாக இது நுழைந்துவிடுகிறது.

இந்த நஞ்சை மருந்துக்கடையில் நிற்பவர் கண்டுபிடித்திருக்க முடியாது. பாட்டில் முத்திரையோடு வருகிறது, லேபிள் ஒழுங்காக இருக்கிறது, நிறமும் வாசனையும் சரி. அந்தப் பாவம் ஆலையையும் அதைக் கண்காணிக்க வேண்டியவர்களையும்தான் சேரும்.

ஆனால், அந்த பாட்டில் அந்தக் குழந்தைக்கு வேண்டுமா என்று கேட்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோல்ட்ரிஃப்பில் இருந்த மருந்துகள் பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். இதில் பின்னிரண்டும் சேர்ந்த குழந்தைகளுக்கான கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலும் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 3-ல் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் இன்னும் தெளிவாகச் சொன்னது. இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்து எழுதவோ கொடுக்கவோ வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அப்படியானால் 'போன தடவை வாங்கினோமே' என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கேட்கும்போது, கவுன்ட்டரில் இருந்து வரவேண்டிய பதில் பாட்டில் அல்ல.

ஒரே காய்ச்சல் மருந்து, மூன்று கணக்கு

ஆலை செய்யும் கொடுமை எப்போதோ நடப்பது. கவுன்ட்டருக்கும் வீட்டு அலமாரிக்கும் நடுவே நடக்கும் தவறு தினமும் நடக்கக்கூடியது. எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம்.

குழந்தைகளுக்கு இது மூன்று விதமாகக் கிடைக்கிறது. சொட்டு மருந்தில், அதாவது டிராப்ஸில், ஒரு மி.லி.க்கு 100 மி.கி. சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. பெரும்பாலும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே மாதிரிப் படம். வித்தியாசம் லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு வயதை ஒட்டிய 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. 125 சிரப் என்றால் 6 மி.லி. 250 சிரப் என்றால் 3 மி.லி. மூன்றும் ஒரே அளவு மருந்துதான்.

இப்போது வீட்டில் நடப்பதைப் பாருங்கள். அம்மா அலுவலகத்தில் இருக்கிறார். "அம்மா, காய்ச்சல் மருந்து ஒரு ஸ்பூன், அஞ்சு எம்.எல். குடுத்துடுங்க" என்று பாட்டிக்கு போன். பாட்டி கையில் அகப்பட்டது டிராப்ஸ் பாட்டில். 5 மி.லி. டிராப்ஸில் 500 மி.கி. பெரியவர்கள் விழுங்கும் முழு மாத்திரை ஒன்று, பத்து கிலோ குழந்தையின் வயிற்றுக்குள். அதுவே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது.

நேரெதிராகவும் நடக்கும். டிராப்ஸுக்குச் சொன்ன ஒன்றரை மி.லி.யை 125 சிரப்பில் கொடுத்தால் உள்ளே போவது சுமார் 38 மி.கி. காய்ச்சல் இறங்காது. 'இந்த மருந்து கேக்கல' என்று அப்பா கடைக்கு ஓடுவார். கடையில் இன்னும் வீரியமான ஒன்று கைமாறும். குழந்தைக்குத் தேவையாக இருந்தது முதல் மருந்தின் சரியான அளவு மட்டுமே.

இங்கேதான் எடை என்ற கேள்வி வருகிறது. வயதைக் கேட்டால் போதாதா? போதாது. ஒரே வயதுக் குழந்தைகள் இருவரில் ஒருவர் எட்டு கிலோ, இன்னொருவர் பன்னிரண்டு கிலோ இருப்பது சாதாரணம். மருத்துவர் சீட்டில் எடை எழுதியிருந்தால், மருந்தாளுநர் மனக்கணக்கிலேயே அளவைச் சரிபார்த்துவிடலாம். எழுதாத சீட்டும் நிறைய வருகிறது. அப்போது கேட்பதைத் தவிர வழியில்லை. நல்ல கடைகளில் இதைச் செய்கிறார்கள், சந்தேகம் வந்தால் கிளினிக்குக்கு போன் போட்டு "டாக்டர், இது டிராப்ஸா சிரப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக எரிச்சல்படுபவர்கள், அதே கடையில் சில்லறைக்காக அதைவிட நேரம் நிற்பார்கள்.

பாலாடை, டீஸ்பூன், பவுடர் பாட்டில்

சரியான அளவைச் சொன்னால் மட்டும் போதாது, அதை எதில் அளக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. நம் வீடுகளில் டீஸ்பூன், பாலாடை, சங்கு எல்லாம் மருந்து கொடுக்கும் பாத்திரங்கள். பாலாடையில் பால் கொடுக்கலாம், அருமையான பாத்திரம். மருந்துக்கு அதில் கோடு இல்லை. டீஸ்பூன்களிலோ ஒன்று மூன்று மி.லி. பிடிக்கும், இன்னொன்று ஏழு பிடிக்கும். பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசி இல்லாத ஓரல் சிரிஞ்சோதான் அளவு. ஒரு சிரிஞ்சை எடுத்து, பேனாவால் ஒன்றரை மி.லி. கோட்டில் குறி போட்டுக் கொடுக்கும் மருந்தாளுநர், வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் ஆயாவுக்கும் சேர்த்தே பாடம் எடுத்துவிடுகிறார்.

அடுத்தது ட்ரை சிரப். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பலவும் பாட்டிலுக்குள் பவுடராக வரும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ, கூடவே வரும் தண்ணீரையோ பாட்டிலில் இருக்கும் அம்புக்குறி வரை ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கியதும் மட்டம் குறைந்திருந்தால் மறுபடி குறி வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் என்னென்னவோ நடக்கிறது. வெந்நீர் ஊற்றுபவர்கள் உண்டு. கழுத்து வரை நிரப்புபவர்கள் உண்டு. வேளைக்கு ஒரு ஸ்பூன் பவுடரை எடுத்துத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தவர்களும் உண்டு, அது பல மடங்கு மருந்து. கலக்கிய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம்தான் ஆயுள். அமாக்ஸிசிலின் - கிளாவுலனேட் போன்றவற்றை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் சமையலறை மேடையில் வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். 'மிச்சம் இருக்கே' என்று அடுத்த மாதக் காய்ச்சலுக்கு எடுப்பது அதைவிட மோசம். கடைக்காரரே கவுன்ட்டரில் கலக்கி, தேதி எழுதிக் கொடுத்தால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி அங்கேயே தீரும்.

மழைக்காலமும் நாட்டு மருந்தும்

அக்டோபர், நவம்பரில் சென்னையில் மழையோடு டெங்குவும் வரும். காய்ச்சல் என்னவென்று தெரியாத முதல் சில நாள்களில் இபுப்ரூஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் வகைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அவை அதிகப்படுத்தக்கூடும். ஆஸ்பிரினுக்கு வேறொரு கெட்ட பெயரும் உண்டு. வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்குக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் 'ரேயி சிண்ட்ரோம்' வரக்கூடும். நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2011-லேயே தடை. 'சீக்கிரம் இறங்கற மாதிரி ஏதாவது குடுங்க' என்று கேட்கப்படும்போது, இந்த நான்கு பெயர்களும் மருந்தாளுநர் மனதில் வந்து போக வேண்டும்.

மயிலாப்பூருக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் தலைமுறைகளாக லேகியமும் பிரசவ மருந்தும் வாங்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அதே வீட்டில் குழந்தைக்கு ஆங்கில மருந்தும் போகும். உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எல்லாம் வீட்டாருக்கு 'மருந்து' கணக்கில் வருவதே இல்லை. "வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்பார்கள். "வீட்டு வைத்தியம் ஏதாவது, பாட்டி குடுக்கறது?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்கத் தெரிவதும் தயார்நிலையில் சேர்ந்ததுதான். ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பாலையும் மருத்துவர் சொன்ன மருந்தையும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அங்கேயே சொல்லலாம், சண்டைக்குப் போகாமல்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கேட்டால் பல வருடங்களாகக் கடைகளில் அட்டைப் பெட்டி ஜூஸ் ஒன்று நீட்டப்பட்டது. பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ்., உள்ளே சர்க்கரை அதிகம், உப்புகளின் அளவும் வேறு. அது பேதியைக் கூட்டக்கூடியது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் எட்டு வருடம் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆணையம் விழிக்கும்வரை ஒரு மருந்தாளுநர் காத்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததா என்பது சங்கடமான கேள்வி. உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பொட்டலம் அலமாரியில்தான் இருந்தது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துவிடாதீர்கள் என்று கூடவே சொன்னால், ஆபத்து ஒன்று குறையும்.

கவுன்ட்டரில் நிற்பது யார்?

1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருத்துவர் எழுதிய மருந்தை எடுத்துக்கொடுக்க வேண்டும். 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தை எப்படி எடுப்பது, எப்படி வைப்பது என்று நோயாளிக்கு விளக்குவதும் அவர் கடமை என்கின்றன. வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள அட்டையும் அணிந்திருக்க வேண்டும். உங்கள் தெருக் கடையில் அந்தக் கோட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பார். கவுன்ட்டரில் நிற்கும் தம்பிக்கு எந்த மருந்து எந்த அலமாரியில் என்பது அத்துப்படி. எட்டு மாதக் குழந்தைக்கு எது ஆகாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

படித்தவர்களின் நிலை மட்டும் முழுசாகத் தேறிவிட்டதா? டி.பார்ம். இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு 500 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி. அந்த மணி நேரங்கள் ஒரு குழந்தைகள் வார்டில் கழிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைக்கான அளவைக் கணக்கிடப் பாடத்தில் சூத்திரம் இருக்கிறது. அழும் குழந்தையும் பதறும் தாயும் எதிரே நிற்க, அந்தச் சூத்திரத்தை அரை நிமிடத்தில் பயன்படுத்துவது வேறு விஷயம். பிரிட்டனில் குழந்தைகளுக்கென்றே தனி மருந்துக் கையேடு 2005 முதல் வெளியாகிறது. மருந்தாளுநர் மேஜையில் அது இருக்கும். 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் குழந்தைகளின் காதுவலிக்குத் தெருக்கோடி மருந்துக்கடையிலேயே பரிசோதித்து மருந்து தரும் திட்டமும் நடக்கிறது. அதற்கான பயிற்சியோடுதான் அனுமதித்தார்கள். நம்மிடம் அனுமதி இல்லாமலே அதே வேலை நடக்கிறது, பயிற்சிதான் இல்லை.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களைத் தொழில் முனைவோராக்கும் திட்டம் அது. படித்தவரே கவுன்ட்டரில் நிற்கும் கடைகள் என்பதால், குழந்தை மருந்துகளுக்கான குறும்பயிற்சி ஒன்றை அங்கிருந்தே தொடங்குவது அரசுக்குப் பெரிய செலவில்லை. ஒரு எடை மெஷினும், பாராசிட்டமால் அளவு அட்டையும், ஒரு டப்பா ஓரல் சிரிஞ்சும் போதுமே ஆரம்பிக்க.

பத்து நிமிடத்தில் வாசலுக்கு மருந்து வரும் ஆப்கள் அடையாறு, பெசன்ட் நகர் அடுக்குமாடிகளில் இப்போது பழக்கமாகிவிட்டன. வசதிதான். பையைக் கொடுத்துவிட்டுப் போகும் டெலிவரி தம்பியிடம் எதையும் கேட்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பக்கத்திலும் வேலை இருக்கிறது. எடையைக் கேட்காத கடையில் நீங்களே சொல்லுங்கள்: "பத்து கிலோ, ஒரு வயசு, எவ்வளவு எம்.எல்.?" பில் வாங்குங்கள், பேட்ச் எண் அதில் இருக்கட்டும். ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், உங்கள் வீட்டு பாட்டில் அதுதானா என்று தெரிய அந்த எண்தான் வழி. மருந்தால் ஏதோ ஒவ்வாமை என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நேரடியாகச் சொல்லலாம். மருந்தாளுநரும் சொல்லலாம்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வெறும் சளி இருமல் என்றால் கொஞ்சம் தேன், வெதுவெதுப்பான நீராகாரம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. பெரும்பாலும் இதுவே போதும். இதைச் சொல்லி ஒரு பாட்டில் விற்பனையை இழக்கும் கடைக்காரருக்கு, அடுத்த இருபது வருடத்துக்கு அந்தக் குடும்பம் வாடிக்கை. கவுன்ட்டரிலேயே சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணிப் பார்க்கவும் முடியும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ எந்த சிரப்பும் வேண்டாம், நேரே மருத்துவமனை. விலா உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலும் அப்படித்தான்.

ஏற்கெனவே மருந்து குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்காக மறுபடி கடைக்கு வருபவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "பாப்பா கடைசியா எப்பம்மா ஒன்னுக்குப் போச்சு?" பராசியாவில் முதலில் நின்றது அதுதான்.